மியூனிக் நகரின் மகரந்தத் தகவல் சேவைகள்: எண்ணிக்கை மட்டும் போதுமா?

பிர்ச் மரமும் புல்லும் பூக்கும் மாதங்களில் மூக்கடைப்பு, தொடர்தும்மல், கண் அரிப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றால் அவதிப்படுவோருக்கு ஜெர்மனியின் மியூனிக் நகரில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று மகரந்தத் தகவல் சேவைகளை இந்த மதிப்புரையில் எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மன் வானிலைத் துறை அன்றாடம் வெளியிடும் மகரந்த அபாயக் குறியீடு முதலாவது. பவேரியா மாநில அரசு நடத்தும் ‘இ-பின்’ என்னும் தானியங்கி அளவீட்டு வலையமைப்பு இரண்டாவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிகஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை வெளியிடும் முன்கணிப்பு வரைபடங்கள் மூன்றாவது. இவற்றுடன் ஜெர்மனியின் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை வழங்கும் காற்றுத்தரச் செயலியையும் சேர்த்துப் பார்க்கிறேன். அந்தச் செயலி மகரந்தத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆயினும் அது இல்லாமல் மற்ற மூன்றும் முழுமை பெறுவதில்லை என்பதே இந்த மதிப்புரையின் மையக் கருத்து.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவீட்டின் நேர்மையிலும் வேகத்திலும் இ-பின் மற்ற இரண்டையும்விட மேலானது. நாளை, நாளை மறுநாள் என்று திட்டமிட வேண்டியவர்களுக்குக் கோப்பர்னிகஸ் உதவும். வானிலைத் துறையின் குறியீடு பருவம் தொடங்கிவிட்டதா, முடிந்துவிட்டதா என்பதை அறியப் போதுமானது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. மூன்றுமே காற்றிலுள்ள மகரந்தத்தின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. வாகனப் புகையும் ஓசோனும் அந்த மகரந்தத்தை என்ன செய்கின்றன என்பதை எச்சரிக்கையின் கணக்கில் மூன்றுமே சேர்ப்பதில்லை. இந்தக் குறை சிறியதன்று என்பதால் அதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

மியூனிக்கின் பருவ ஒழுங்கை அறியாதவர்களுக்கு ஒரு சுருக்கமான குறிப்பு. ஹேசல், ஆல்டர் மரங்கள் குளிர் முழுவதும் விலகும் முன்பே, சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே, மகரந்தத்தைக் காற்றில் விடத் தொடங்கும். ஏப்ரலில் பிர்ச் உச்சத்துக்கு வரும். மே முதல் ஜூலை வரை புல்லினங்களின் காலம். கோடையின் பிற்பகுதியில் மக்வொர்ட் என்ற களைச்செடியும், ஆகஸ்ட் மத்தியிலிருந்து செப்டம்பர் வரை அம்ப்ரோசியா என்றும் ராக்வீட் என்றும் அழைக்கப்படும் செடியும் தொடரும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவர்களில் பலர் முதல் சில ஆண்டுகள் இந்த மரங்களின் அடியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடந்திருப்பார்கள். உடலின் எதிர்ப்பு அமைப்பு ஒரு புதிய புரதத்தைப் பகையாகக் கருதப் பழகுவதற்குக் காலம் எடுக்கும் என்பதால், வந்து சில வசந்தங்கள் கழிந்த பிறகே பலருக்கு நோய் தலைகாட்டுகிறது. அப்போது அதைச் சளி என்று எண்ணி வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்பவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இச்சேவைகளில் எதுவாயினும் ஒன்று தெரிந்திருப்பதே பெரிய உதவியாகும்.

வானிலைத் துறையின் குறியீட்டிலிருந்து தொடங்குகிறேன். ஹேசல், ஆல்டர், ஆஷ், பிர்ச், புல்லினங்கள், ரை தானியப் பயிர், மக்வொர்ட், அம்ப்ரோசியா ஆகிய எட்டு வகைகளுக்கு, பூஜ்யம் முதல் மூன்று வரையிலான அளவுகோலில், இடைநிலைகளையும் சேர்த்து, அது அன்றாடம் ஒரு மதிப்பை வெளியிடுகிறது. நாடு முழுவதும் உள்ள, காற்றிலிருந்து மகரந்தத்தைப் பிடிக்கும் பொறிகளில் எண்ணப்பட்ட துகள்களின் அளவும், செடிகள் எந்த நிலையில் பூத்திருக்கின்றன என்ற கள நோக்கும், வானிலைக் கணிப்பும் சேர்ந்து இந்த மதிப்பு உருவாகிறது. பார்த்தவுடன் புரியும் எளிமையே இதன் பெருஞ்சிறப்பு. ஜெர்மன் மொழி சரளமாக வராதவர்கள்கூட வண்ணத்தைப் பார்த்தே நிலைமையைத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த எளிமைக்குக் கொடுக்கும் விலை அதிகம். மியூனிக் நகரம் இந்த வரைபடத்தில் தனி இடம் பெறவில்லை. ஆல்கோய், மேல் பவேரியா, பவேரியக் காடு ஆகியவை அடங்கிய ஒரு பெரும் பகுதியின் உறுப்பாகவே அது வருகிறது. ஆல்ப்ஸ் அடிவாரத்துப் புல்வெளிக் கிராமத்துக்கும், ஆறு தடங்களில் வாகனங்கள் ஓடும் நகரச் சாலைக்கும் ஒரே மதிப்பு. அளவுகோலின் மேல்முனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பிர்ச்சைப் பொறுத்தவரை ஒரு கன மீட்டர் காற்றில் 50 மகரந்தத்துகள்களைத் தாண்டினாலே ‘மிகுதி’ என்ற வகைக்குள் போய்விடும். நல்ல பூப்பு ஆண்டின் ஏப்ரல் நாளொன்றில் இந்த எண்ணிக்கை ஆயிரத்தையும் கடக்கக்கூடும். அறுபதும் ஆயிரமும் ஒரே வண்ணத்தில் காட்டப்படும்போது, மாத்திரையோடு சமாளிக்கக்கூடிய நாள் எது, வீட்டுக்குள் இருக்க வேண்டிய நாள் எது என்று நோயாளியால் பிரித்தறிய முடிவதில்லை.

இ-பின் இந்த இடத்தில்தான் முற்றிலும் வேறாக நிற்கிறது. அதன் அருமை புரிய வேண்டுமானால் பழைய முறையைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் தாவர நோயியல் அறிஞர் ஜான் ஹிர்ஸ்ட் 1952-இல் அறிமுகப்படுத்திய பொறிதான் இன்றும் உலகின் பெரும்பாலான மகரந்த நிலையங்களில் இயங்குகிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சி, பசை தடவிய நாடா சுற்றப்பட்ட ஓர் உருளையின் மீது அது மோதவிடும். உருளை ஏழு நாட்களில் ஒரு சுற்றை முடிக்கும். பிறகு பயிற்சி பெற்ற ஒருவர் நாடாவை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொரு துகளாக எண்ண வேண்டும். மனிதக் கண்ணின் துல்லியம் இம்முறையின் வலிமை. காலதாமதம் இதன் நோய். கடந்த வாரம் காற்றில் எத்தனை பிர்ச் துகள்கள் இருந்தன என்பதை இந்த வாரம் அறிவதால் ஆய்வாளருக்குப் பயனுண்டு, தும்முபவருக்கு இல்லை.

2019-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த இ-பின், பவேரியாவில் எட்டு இடங்களில் தானியங்கி இயந்திரங்களை நிறுவியிருக்கிறது. மியூனிக்கும் அவற்றுள் ஒன்று. இயந்திரம் தானே காற்றை உறிஞ்சி, தானே மாதிரியைத் தயாரித்து, நுண்ணோக்கியில் படமெடுத்து, படத்திலுள்ள துகள் எந்தச் செடியினுடையது என்று மென்பொருளால் அடையாளம் கண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. வகைகளுக்குள் அடைக்கப்பட்ட மதிப்பாக அன்றி, ஒரு கன மீட்டருக்கு இத்தனை துகள்கள் என்ற நேரடி எண்ணாகவே அது கிடைக்கிறது. ஒரு மாநில அரசு பொதுமக்களின் வரிப்பணத்தில் இப்படியொன்றை அமைத்து, அதை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்துவைத்திருப்பதை மனமாரப் பாராட்டுகிறேன்.

இந்த மூன்று மணி நேர இடைவெளி நடைமுறையில் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்பதற்கு, சன்னலை எப்போது திறப்பது என்ற கேள்வியே போதுமான சான்று. ஜெர்மனியில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் அறிவுரை ஒன்றுண்டு: நகரத்தில் வசிப்போர் காலை ஆறு முதல் எட்டு மணிக்குள்ளும், கிராமத்தில் வசிப்போர் மாலை ஏழுக்குப் பிறகும் வீட்டைக் காற்றோட்டம் செய்யலாம். மரங்களும் வயல்களும் உள்ள இடத்தில் மகரந்தம் காலையில் வெளிப்பட்டு, மேலெழுந்து, காற்றில் பயணம் செய்து, மாலையில் நகரத்தின் மீது படிகிறது என்ற கணக்கில் பிறந்த விதி இது. பொதுவாகச் சரியே. ஆனால் காற்றின் திசை, முந்தைய இரவின் மழை, தொலைவிலிருந்து இரவோடிரவாக வந்து சேரும் பிர்ச் மகரந்தம் ஆகியவற்றால் ஒவ்வொரு நாளும் விதியிலிருந்து விலகுகிறது. இ-பின் வரைபடத்தைப் பார்த்தால் விதியை நம்ப வேண்டியதில்லை, அன்றைய நிலையையே அறியலாம்.

அதே நகரத்து அறிவுரையில் மற்றொன்று விடுபட்டுள்ளது என்பதையும் கவனிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு மேல் மியூனிக்கின் பெருஞ்சாலைகளில் அலுவலக நெரிசல் தொடங்குகிறது. நைட்ரஜன் டை ஆக்சைடின் அளவு உயர்கிறது. லாண்ட்ஷூட்டர் ஆலே போன்ற சாலையை ஒட்டிய குடியிருப்பில், மகரந்தம் குறைவு என்பதற்காக அந்த நேரத்தில் சன்னலைத் திறப்பவர், வாகனப் புகையை வீட்டுக்குள் அழைக்கிறார். மகரந்தம் வேறு, மாசு வேறு என்று இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் பழக்கமே இதற்குக் காரணம். அறிவியல் அந்தப் பிரிவினையை இப்போது ஏற்பதில்லை.

ஏன் ஏற்பதில்லை என்பதைச் சற்று விளக்க வேண்டும். நம்மைத் தும்மவைப்பது மகரந்தத்துகள் அன்று. அதனுள்ளிருந்து வெளிப்படும் சில புரதங்களே. பிர்ச்சில் ‘பெட் வி 1’ எனப்படும் புரதம் முதன்மையானது. ஐரோப்பாவின் பல நாடுகளில் பிர்ச் மகரந்தத்தின் எண்ணிக்கையையும் அது வெளியிடும் புரதத்தின் அளவையும் ஒருசேர அளந்த ‘ஹையாலைன்’ ஆய்வுத் திட்டம், அதே எண்ணிக்கையிலான மகரந்தம் இடத்தைப் பொறுத்தும் நாளைப் பொறுத்தும் பத்து மடங்கு வரை வேறுபட்ட அளவில் புரதத்தை வெளியிடக்கூடும் என்று கண்டது. மகரந்த எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒரு நாளின் கடுமையைக் கணிக்கும் எந்தச் சேவைக்கும் இது அடிப்படையிலேயே ஓர் எல்லையை வகுத்துவிடுகிறது. செடியின் இனக்கூறு, பூத்த நாள், வானிலை எனப் பல காரணங்கள் இவ்வேறுபாட்டுக்கு உண்டு. காற்று மாசும் அவற்றுள் ஒன்று என்பதற்கான சான்று மியூனிக்கிலிருந்தே வந்திருக்கிறது. இந்நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் நிற்கும் பிர்ச் மரங்களிலிருந்து மகரந்தம் சேகரித்து 2013-இல் வெளியான ஆய்வில், மிகுதியான ஓசோனுக்கு ஆட்பட்ட மரங்களின் மகரந்தத்தில் பெட் வி 1 கூடுதலாக இருந்தது. அந்த மகரந்தச் சாற்றைக் கொண்டு தோலில் செய்த சோதனையில் நோயாளிகளுக்கு ஏற்பட்ட தடிப்பும் பெரிதாக இருந்தது.

அம்ப்ரோசியாவில் இதே கதை நைட்ரஜன் டை ஆக்சைடோடு நிகழ்கிறது. மியூனிக் ஆய்வாளர்கள் அச்செடியைக் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில், இந்த வாயு கூடிய காற்றில் வளர்த்தபோது, அதன் மகரந்தம் ஒவ்வாமை நோயாளிகளின் எதிர்ப்பொருளோடு வலுவாகப் பிணைந்ததைக் கண்டு 2016-இல் வெளியிட்டனர். இத்தாலியில், போக்குவரத்து மிகுந்த சாலையோரம் வளர்ந்த ராக்வீட் செடிகளின் மகரந்தம், மரஞ்செடிகள் சூழ்ந்த இடத்தில் வளர்ந்தவற்றின் மகரந்தத்தைவிட ஒவ்வாமை தூண்டும் திறன் கூடியதாக இருந்தது என்று அதற்கு முன்பே, 2012-இல், கண்டறியப்பட்டிருந்தது. ராக்வீட் விரும்பி வளர்வதே சாலையோரத்துக் கலைந்த மண்ணில்தான் என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

மரத்தை விட்டு வெளியேறிய பிறகும் மகரந்தம் சும்மா இருப்பதில்லை. மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் சேர்ந்த நகரக் காற்றில் பெட் வி 1 உள்ளிட்ட புரதங்களின் டைரோசின் என்ற அமினோ அமிலக் கூறுகளில் நைட்ரோ தொகுதி (நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த வேதிக்கூறு) ஏறுவதைத் தொடர்ந்து காட்டிவருகின்றனர். இரண்டு வாயுக்களும் தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்து இருக்கும்போது இவ்வினை விரைகிறது. இப்படி மாறிய புரதம் எதிர்ப்பு அமைப்பை இன்னும் கடுமையாகத் தூண்டக்கூடும் என்பதற்கு ஆய்வகச் சான்றுகள் உள்ளன. டீசல் புகைத்துகள்கள் வேறொரு வழியில் தீங்கு செய்கின்றன. பிர்ச் மகரந்தத்துகள் ஏறத்தாழ 20 முதல் 25 மைக்ரோமீட்டர் அகலமுள்ளது. மூக்கும் தொண்டையும் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் துகள் ஈரத்தில் வெடிக்கும்போது சிதறும் நுண்ணிய மணிகளும், அவற்றிலிருந்து பிரிந்த புரதமும் மிகச் சிறியவை. ரை புல்லின் முதன்மைப் புரதமாகிய ‘லோல் பி 1’ டீசல் புகைத்துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதை மெல்போர்ன் ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினர். அந்தப் புகைத்துகள் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியது. மகரந்தம் தானாகச் செல்ல முடியாத இடத்துக்கு அதன் புரதத்தைச் சுமந்துசெல்லும் வாகனம் கிடைத்துவிடுகிறது.

இத்தனையும் நிகழும் காற்றைத்தான் சேவைகள் அளக்கின்றன. ஆனால் அவை அளப்பது முழுத் துகள்களை மட்டுமே. இ-பின் இயந்திரமும் உடையாத, வடிவம் தெரியும் துகளைத்தான் அடையாளம் காண முடியும். உடைந்து சிதறியது, புகையில் ஒட்டியது, வேதியியல் மாற்றம் அடைந்தது எதுவும் அதன் கணக்கில் வராது. இது இயந்திரத்தின் குற்றமன்று, அது செய்வதாகச் சொன்ன வேலையின் எல்லை. ஆனால் அந்த எல்லையைப் பயனர் அறிந்திருக்க வேண்டும். பிர்ச், ஆல்டர், ஹேசல் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் துகள்கள் தோற்றத்தில் நெருங்கியவை என்பதால் படத்தை வைத்துப் பிரிப்பது எந்த மென்பொருளுக்கும் கடினமான பணி. பிர்ச்சுக்கு ஒவ்வாமை உள்ளவருக்குப் பெரும்பாலும் மற்ற இரண்டும் ஒத்துக்கொள்ளாது என்பதால், நோயாளியின் பார்வையில் இதைப் பெரிய குறையாக நான் கருதவில்லை.

மாசு மனித உடலிலும் தனியாகத் தன் வேலையைச் செய்கிறது. ஓசோன் மூச்சுக்குழாயின் உட்சவ்வை அழற்சியடையச் செய்வதால், அதே அளவு மகரந்தம் கூடுதல் விளைவை ஏற்படுத்தலாம். டொராண்டோவில் 1991-இல் வெளியான ஆய்வொன்று, ஆஸ்துமா உள்ள சிலர் ஒரு மணி நேரம் குறைந்த அளவு ஓசோனைச் சுவாசித்த பிறகு, முன்பைவிடக் குறைவான ஒவ்வாமைப் பொருளுக்கே மூச்சுக்குழாய் சுருங்கியதைக் கண்டது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவை எட்டவில்லை. கலிபோர்னியாவில், டீசல் புகைத்துகளையும் ராக்வீட் புரதத்தையும் சேர்த்து மூக்கில் செலுத்தியபோது, ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜி-ஈ வகை எதிர்ப்பொருளில் ராக்வீட்டுக்கு எதிரானது, புரதத்தை மட்டும் செலுத்தியதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது.

மாசு கூடினால் ஒவ்வாமை கூடும் என்று நேர்கோடு போட்டுவிடவும் கூடாது என்பதை ஜெர்மனியின் வரலாறே எச்சரிக்கிறது. நாடு ஒன்றிணைந்த காலத்தில் எரிகா ஃபான் மூட்டியுஸ் தலைமையிலான மருத்துவர்கள் மியூனிக்கின் குழந்தைகளையும், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக், ஹாலே நகரங்களின் குழந்தைகளையும் ஒப்பிட்டனர். நிலக்கரிப் புகையால் சல்பர் டை ஆக்சைடும் தூசும் மண்டிக்கிடந்த கிழக்கில்தான் ஒவ்வாமை கூடுதலாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. மகரந்தக் காய்ச்சல் மேற்கிலேயே அதிகமாக இருந்தது. வாழ்க்கை முறை உள்ளிட்ட பல காரணங்கள் அதற்குப் பின்னால் உள்ளன. ஆய்வகத்திலும் எதிர்த்திசைச் சான்றுகள் உண்டு: திமோத்தி புல்லின் மகரந்தத்தை மாசு வாயுக்களுக்கு ஆட்படுத்தியபோது, அதில் கண்டறியக்கூடிய ஒவ்வாமைப் புரதம் குறைந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. எனவே மகரந்த எண்ணிக்கையை ஏதோவொரு மாசுக் கெழுவால் பெருக்கி, ஒரே எண்ணாக வெளியிடும் சேவை ஒன்று நாளை வந்தால், அதை நான் உடனே நம்பமாட்டேன். இரண்டு அளவுகளையும் பக்கம் பக்கமாக, ஒரே நேர அச்சில் காட்டுவதே இன்றைய அறிவுக்குப் பொருந்திய நேர்மையான வழி.

அந்த வழியில் ஓரளவு நடப்பது கோப்பர்னிகஸ் மட்டுமே. பிர்ச், ஆல்டர், புல், ஆலிவ், மக்வொர்ட், ராக்வீட் ஆகிய ஆறு வகை மகரந்தங்களுக்கு நான்கு நாள் முன்கணிப்பை ஐரோப்பா முழுவதற்கும் அது வழங்குகிறது. பதினொரு கணினி மாதிரிகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் கட்டங்களில் அந்தக் கணிப்பு வெளியாகிறது. அதே சேவையில், அதே மணிநேரத்துக்கு, ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, நுண்துகள் ஆகியவற்றின் வரைபடத்தையும் திறக்க முடியும். ஜூன் மாதத்து வெயில் நாளில் புல் மகரந்தமும் பிற்பகல் ஓசோனும் ஒன்றாக உயர்வதை முந்தைய நாளே பார்த்துவிடலாம் என்பது சிறிய வசதியன்று. வெளியே ஓட்டப்பயிற்சி செய்பவர்களும், பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் செல்பவர்களும் நேரத்தை மாற்றிக்கொள்ள இது நேரடியாக உதவும்.

குறைகளும் உள்ளன. இது அளவீடன்று, கணிப்பு. 10 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு சாலையும் பூங்காவும் கரைந்துவிடும். ஹேசல் இதில் இல்லை என்பதால் ஆண்டின் தொடக்கத்தில் பாதிக்கப்படுபவர்களுக்குப் பயன் குறைவு. நேரம் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படுவதால் கோடையில் இரண்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐரோப்பா முழுவதையும் காட்டும் வரைபடத்தைக் கைப்பேசியின் சிறு திரையில் மியூனிக் வரை பெரிதாக்கிப் பார்ப்பது பொறுமையைச் சோதிக்கும். வல்லுநருக்காக வடிவமைத்ததைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது போன்ற உணர்வே எழுகிறது. பொதுமக்களுக்கென்றே ஒரு முகப்பைச் செய்தால் இதைவிடச் சிறந்த சேவை ஐரோப்பாவில் இருக்காது.

காற்றுத்தரச் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘மிக நன்று’ முதல் ‘மிக மோசம்’ வரையிலான ஐந்து நிலைகளில், அருகிலுள்ள நிலையத்தின் நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. ஓசோன் அளவு கூடும்போது எச்சரிக்கையும் தருகிறது. அதைப் பயன்படுத்தும்போது எந்த நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். நெரிசலான சாலையில் நைட்ரஜன் டை ஆக்சைடு உயர்ந்தும் ஓசோன் தாழ்ந்தும் இருக்கும். வாகனங்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு அங்கேயே ஓசோனைத் தின்றுவிடுவதே காரணம். நகரின் கிழக்கு விளிம்பிலுள்ள யோஹானஸ்கிர்ஷன் போன்ற அமைதியான பகுதியில் இதற்கு நேர்மாறான நிலை நிலவும். பிர்ச்சின் புரதத்தைக் கூட்டுவதாகக் காணப்பட்ட ஓசோன், பசுமையான புறநகரில்தான் மிகுதி. ஆகவே மரங்கள் நிறைந்த, போக்குவரத்துக் குறைந்த இடத்துக்கு வீடு மாற்றினால் தீர்வு கிடைக்கும் என்று எண்ணுபவர்கள், அந்த நிலையத்தின் கோடைக்கால ஓசோன் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது என் முக்கியமான கோரிக்கைக்கு வருகிறேன். இ-பின் வலையமைப்பை நடத்துவது பவேரியாவின் சுகாதார, உணவுப் பாதுகாப்பு அலுவலகம். லாண்ட்ஷூட்டர் ஆலே, யோஹானஸ்கிர்ஷன் உள்ளிட்ட காற்றுத்தர நிலையங்களை நடத்துவது அதே மாநிலத்தின் சுற்றுச்சூழல் அலுவலகம். இரண்டும் ஒரே அரசின் கைகள். இரண்டின் தரவும் பொதுவெளியில் உள்ளது. மூன்று மணி நேர மகரந்த வரைகோட்டின் கீழே, அதே மூன்று மணி நேரத்துக்கான ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு வரைகோடுகளை வைப்பதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. இரண்டு அலுவலகங்கள் பேசிக்கொண்டால் போதும். இந்தத் துறையில் உலகம் கவனிக்கும் ஆய்வுகளைத் தந்த நகரத்தில், அதன் பயன் அங்கேயே வாழும் நோயாளியின் திரைக்கு வந்து சேராதிருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கிறது.

அது நிகழும் வரை, ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்டவர்கள் இ-பின்னையும் காற்றுத்தரச் செயலியையும் அடுத்தடுத்துத் திறந்து பார்ப்பதையே பரிந்துரைக்கிறேன். எண்ணிக்கை நடுத்தரமாக இருந்து ஓசோனோ நைட்ரஜன் டை ஆக்சைடோ உயர்ந்திருந்தால், அந்த நாளை எண்ணிக்கை காட்டுவதைவிட ஒருபடி கடுமையானதாகக் கருதிக்கொள்வதில் நட்டமில்லை. எந்தச் செடிக்கு ஒவ்வாமை என்பதையே இன்னும் அறியாதவர்களுக்கு எந்தச் சேவையும் முழுமையாகப் பயன்படாது; முதலில் மருத்துவரிடம் தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்துகொள்ள வேண்டும். மருந்தையும், தேவைப்பட்டால் உடலைப் பழக்கும் நீண்டகாலச் சிகிச்சையையும் அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துவந்து தங்கவைப்பவர்களுக்கு இந்தப் பரிந்துரை சற்று மாறும். தமிழ்நாட்டில் பிர்ச் மரம் இல்லாததால், முதல் முறை வருபவர்களுக்கு அந்த மகரந்தத்தால் தொந்தரவு வருவது அரிது. புல் அப்படியன்று, நம் ஊரிலும் புல் மகரந்தத்தால் ஆஸ்துமா தூண்டப்படுபவர்கள் உண்டு, இங்கேயும் அவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆஸ்துமா உள்ள அப்பா அம்மாவை இங்கிலீஷர் கார்டன் பூங்காவுக்கு வெயில் நாளில் அழைத்துச் செல்வதாக இருந்தால், இ-பின்னில் புல்லுக்கான வரைகோட்டையும் செயலியில் ஓசோனையும் பார்த்துவிட்டு, ஓசோன் உச்சத்துக்கு வரும் பிற்பகலைத் தவிர்த்து முற்பகலிலேயே போய்த் திரும்புங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.